எண்பத்தேழாவது ஜோடி

அந்த ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள் சார். தப்பாக நினைக்காதீர்கள், சின்ன வயதிலிருந்தே பழகிவிட்டது. இந்தப் பக்கம் உட்கார்ந்தால் எனக்கு வயிற்றைப் புரட்டும். புரட்டினால் கஷ்டம் உங்களுக்குத்தான். ஆ, அப்படி. அப்பாடா. காற்று வருகிறது.

நீங்கள் திண்டுக்கல்தானே? முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இல்லையா? பழனியா? அதுதான், திண்டுக்கல்லைத் தாண்டித்தானே பழனி. ஏறக்குறைய சரிதான்.

நான் வடமதுரையில் இறங்கிவிடுவேன். என் வீட்டுக்காரி சௌந்தரவல்லி அங்கே தங்கச்சி வீட்டில் இருக்கிறாள், பதினெட்டு நாளாக. கூட்டிக்கொண்டு வரப் போகிறேன். நீங்கள் என்ன கேட்க வருகிறீர்கள் என்று தெரியும். சண்டையா என்றுதானே? கிடையவே கிடையாது. இருபத்தாறு வருஷத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. நான் பேசுவேன், அவள் கேட்டுக்கொள்வாள். அப்புறம் சண்டை எங்கிருந்து வரும்? அவள் போனது ஒரு ஆராய்ச்சி விஷயமாக.

சிரிக்காதீர்கள். நான் ஆராய்ச்சியில் இருக்கிற ஆள்தான். இருந்த ஆள் என்று சொல்ல வேண்டும். போன வாரத்திலிருந்து என்னைத் தாவரவியல் துறைக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அங்கே என்ன இருக்கிறது? செடி. செடியிடம் என்ன பேசுவது?

திருச்சியில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். அங்கே உளவியல் துறையில் இருபத்தேழு வருஷம் அலுவலக உதவியாளர். பெயர் திருஞானம். துறையில் எல்லோருக்கும் ஞானண்ணா. பேராசிரியர்கள் வருவார்கள், ரிட்டயர் ஆவார்கள். அலமாரிச் சாவி என்னிடம். அந்த அலமாரியில் இருக்கிற முனைவர் பட்ட ஆய்வேடுகளில் பாதியை நான் படித்திருக்கிறேன். முன்னுரையும் முடிவுரையும். நடுவில் இருப்பதெல்லாம் வெறும் அட்டவணை சார். மின்சாரம் மிச்சம் பிடித்ததற்காக கல்லூரி முதல்வர் கையால் சான்றிதழ் வாங்கியவனும் நான் ஒருவன்தான். ஒரு அறையைவிட்டு நான் வெளியே வந்தால் என் கை தானாக ஃபேனை அணைத்துவிடும். வீட்டிலும் அப்படித்தான். பழக்கம் என்றால் எல்லா இடத்திலும் பழக்கம்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கருவி இருக்கிறது. ஒரு தாளில் நட்சத்திரம் வரைந்திருக்கும். தாளை நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு தட்டி மறைத்துக்கொண்டிருக்கும். எதிரே கண்ணாடி. கண்ணாடியில் தெரிகிற நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே அதன் மேல் பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கெல்லாம் கை கண்டபடி ஓடும். ஒரு பிள்ளை அழுதேவிட்டது. நான் நாற்பது வினாடியில் முடிப்பேன். கோடு ஒரு நூல் வெளியே போகாது. நிலோபர் ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள், "அண்ணா, நீங்க கண்ணாடியப் பாக்குறீங்களா இல்லையா?" பார்ப்பதே இல்லை. இருபத்தேழு வருஷமாக அதே நட்சத்திரம். கண்ணாடி எதற்கு?

நிலோபர் யார் என்று சொல்லவில்லையே. அவள்தான் இந்த ஆராய்ச்சிக்காரப் பெண். வாணியம்பாடி ஊர். முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்த தலைப்பு என்ன தெரியுமா? கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் தாண்டிய தம்பதிகளுக்குள் உறவு எப்படி இருக்கிறது. கல்யாணமே ஆகாத பெண்ணுக்கு அந்தத் தலைப்பு. நான் கேட்டேன், "ஏம்மா, உனக்கு எதுக்கு இது?" "போறதுக்கு முன்னாடி வழி விசாரிச்சுக்கறேண்ணா" என்றாள். வாய் அப்படி.

அவளுக்கு நூற்றைம்பது ஜோடி வேண்டும். புருஷனுக்கு வெள்ளைத் தாள், மனைவிக்கு மஞ்சள் தாள். இரண்டிலும் ஒரே எண் போட்டிருக்கும், பெயர் கிடையாது. ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. எழுதி, உறையில் போட்டு, ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். நாற்பது வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்: முற்றிலும் உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி முற்றிலும் மறுக்கிறேன் வரைக்கும். கடைசியில் மூன்று கோடு காலியாக விட்டிருக்கும். 'உங்கள் துணையிடம் ஒன்றே ஒன்று மாற வேண்டும் என்றால் எது?'

நூற்றைம்பது ஜோடிக்கு அந்தப் பெண் எங்கே போவாள்? நான்தான் இறங்கினேன். எங்கள் தெரு, கல்லூரி கேன்டீன், ஆய்வகங்கள் என்று அறுபத்துமூன்று ஜோடி நான் பிடித்துக் கொடுத்தது. என் வீட்டையும் சேர்த்து. என்னுடைய வெள்ளைத் தாளை நாலே நிமிஷத்தில் முடித்தேன். 'என் துணை சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிறேன்.' முற்றிலும் உடன்படுகிறேன். 'என் துணையின் விருப்பங்கள் எனக்குத் தெரியும்.' முற்றிலும். நாற்பதுக்கும் முற்றிலும். எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. மனசு சுத்தமாக இருந்தால் யோசிக்க என்ன இருக்கிறது?

மஞ்சள் தாளை வல்லியிடம் கொடுத்தேன். "எல்லாத்துக்கும் முதல் கட்டத்துல டிக் போட்டுடு, முடிஞ்சுது" என்றேன். அவள் தாளை வாங்கி ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"நீங்க படிப்பீங்களா?"

"யாரும் படிக்க மாட்டாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்திடுவாங்க."

அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு மணி நேரம் சார்! டிக் போட இரண்டு மணி நேரம். அன்றைக்கு ரசம் லேட். உப்பும் ஒரு கல் குறைச்சல், அதையும் சொன்னேன். நல்ல சமையல்காரி, அதில் சந்தேகமில்லை. உப்பு குறைந்தால் மட்டும் சொல்வேன். சரியாக இருந்தால் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

டிக்கெட்டா? வடமதுரை ஒன்று. சார் வாங்கிவிட்டார். வாங்கிவிட்டீர்கள்தானே? இல்லையா? சரி, கொடுங்கள், நான் வாங்கித் தருகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உறைகளைப் பிரிப்பது, தாளை எண் வாரியாக அடுக்குவது, கட்டங்களை வாசிப்பது, இது என் வேலை. நான் வாசிக்க வாசிக்க நிலோபர் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். "கடைசிப் பக்கத்த மட்டும் படிக்காதீங்கண்ணா, அது ரகசியம்" என்று சொல்லியிருந்தாள். நான் படிக்கவில்லை. படிக்கவில்லை என்றால், தாளைத் திருப்பும்போது கண்ணில் பட்டதுதான். ஆண்கள் எல்லோரும் மூன்று கோட்டிலும் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தார்கள். பெண்களிலும் பாதிப் பேர் அப்படித்தான். ஒரு அம்மாள் 'குறட்டை' என்று எழுதி மூன்று தடவை அடிக்கோடு போட்டிருந்தாள்.

அப்புறம்தான் எண்பத்தேழு வந்தது.

உறையே வேறு மாதிரி சார். மற்றவர்கள் கோந்து, செல்லோ டேப், ஸ்டேப்ளர். இது சோற்றுப் பருக்கையில் ஒட்டியிருந்தது. பிரிக்கும்போது காய்ந்த பருக்கை இரண்டு மேஜையில் விழுந்தது. அப்போதே எனக்கு மூளை ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு கோந்துப் புட்டிக்கு வழியில்லாத வீடு! உள்ளே மஞ்சள் தாள். மூன்று கோடு போதாமல் பின்பக்கம் முழுக்க எழுதி, ஓரத்திலும் ஏறியிருந்தது. கையெழுத்து முத்து முத்தாக. அந்த மாதிரி கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் எழுத்து வேலை எல்லாம் என்னுடையது. வல்லிக்குப் பேனாவைத் தொடுகிற வேலையே வைத்ததில்லை.

ஜெராக்ஸ் என் சட்டைப் பையில் இருக்கிறது. வாசிக்கிறேன், கேளுங்கள். கண்ணாடி எங்கே... ம்.

'ஒன்றே ஒன்று என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றுதான் எழுத நினைத்தேன். அவர் அறையைவிட்டுப் போகும்போது ஃபேனை அணைத்துவிட்டுப் போகிறார். நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

'நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் அவர் முடித்துவைக்கிறார். அவர் முடிக்கிற இடம் நான் போக நினைத்த இடம் இல்லை. இப்போதெல்லாம் அங்கேயே இறங்கிக்கொள்கிறேன்.

'உப்பு குறைந்த நாட்கள் அவருக்கு ஞாபகம் இருக்கின்றன. சரியாக இருந்த நாட்களை நான் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

'பஸ்ஸில் ஜன்னலோரம் எப்போதும் அவருக்குத்தான். எந்த ஊருக்குப் போனாலும் வழியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

'அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பேன்.'

பார்த்தீர்களா? எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன ஜென்மம் சார் அந்தப் புருஷன்! உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளை கண்ணுக்குத் தெரியாதா? நீங்கள் ஏன் இருமுகிறீர்கள்? தூசியா? ஜன்னலைச் சாத்தட்டுமா? வேண்டாம், காற்று போய்விடும்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது வல்லியிடம் சொன்னேன். "ஒரு மஞ்சத் தாள் வந்துருக்கு வல்லி. யாரோ ஒரு புண்ணியவதி, பாவம். படிச்சா நெஞ்சு வெடிச்சுரும்."

அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். "படிக்க மாட்டாங்கன்னீங்க?"

"கண்ணுல பட்டுது. அந்த ஆள் யாருன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன்."

"கண்டுபிடிச்சு?"

"நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்."

கரண்டியை ரசத்துக்குள் விட்டுக் கலக்கினாள். அப்புறம், "கண்டுபிடிங்க" என்று சொல்லி ரசம் ஊற்றினாள். இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள், நான் கேட்காமலே. உங்களிடம் சொல்வதற்கென்ன, இருபத்தாறு வருஷத்தில் என் உத்தியோகத்தைப் பற்றி அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை. அடுத்த நாளிலிருந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள், "கண்டுபிடிச்சீங்களா?" எனக்குப் பெருமையாக இருந்தது. ஆராய்ச்சி என்றால் என்ன என்று அவளுக்கும் பிடிபட்டுவிட்டது.

முதலில் நான் சந்தேகப்பட்டது கேன்டீன் ஆரோக்கியசாமியை. யார் என்ன பேசினாலும் நடுவில் புகுந்து பேசுகிற ஆள். ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு போனேன். "ஆரோக்கியம், இதப் படி. யாரு எழுதுனதுன்னு கேக்காதே" என்றேன். நின்றுகொண்டே படித்தான். பாதியில் சர்க்கரை டின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஞானண்ணா... ஜெசிந்தாவா?"

"ரகசியம். சொல்லக் கூடாது."

"ஜெசிந்தாதான். இந்த ஃபேன் விஷயம் அவதான். அடப்பாவி, நான் அவள இருட்டுல வேற உக்கார வச்சிருக்கேன், லைட்டையும் சேர்த்து அணைப்பேனே!"

இரண்டு நாள் கேன்டீனைப் பூட்டிவிட்டு அந்தம்மாளை வேளாங்கண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போனான். போகவர ஜன்னலோரம் அவளுக்கு. இவன் வழி நெடுக வாந்தி. திரும்பி வந்தபோது ஆள் பாதியாகிவிட்டிருந்தான், முகம் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி. ஆனால் நான் யோசித்தேன். கேன்டீன்காரன் வீட்டில் மைதா மாவு மூட்டை மூட்டையாக இருக்கும். பசை காய்ச்சி ஒட்டுவார்களே தவிர சோற்றில் ஏன் ஒட்டுகிறார்கள்? ஆதாரம் பொருந்தவில்லை. அந்த ஆள் இவனில்லை.

"அவர் இல்லையா?" என்றாள் வல்லி.

"இல்ல. சோறுதான் முக்கியமான தடயம்."

"ஓ" என்றாள்.

அடுத்து விலங்கியல் ஆய்வகத்துப் பூபதி. பாட்டிலில் பாம்பு அடுக்கி வைக்கிற ஆள். கல்மனசுக்காரன் என்று பெயர். அவன் படித்துவிட்டு அந்தப் பாம்பு பாட்டிலைப் பிடித்துக்கொண்டே அழுதான் சார். "அண்ணே, எம் பொண்டாட்டிக்கு இவ்ளோ அழகா எழுத வருமாண்ணே? நான் அவளப் பேசவே விட்டதில்லையேண்ணே, எனக்கு எப்படித் தெரியும்?" சமாதானப்படுத்தி அனுப்பினேன். அன்று சாயங்காலமே மல்லிகைப்பூவோடு வீட்டுக்குப் போனானாம். அந்தம்மா பயந்துபோய் அவனுடைய அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறாள். ஆனால் அவர்கள் கல்யாணமான நாளிலிருந்து டூவீலர்தான், பஸ்ஸே ஏறியதில்லை. அப்புறம் ஜன்னலோரம் எங்கே வரும்? அவனும் இல்லை.

இதை வல்லியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். வாய்விட்டு. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகிறது. "பாம்பு பாட்டிலப் புடிச்சிக்கிட்டா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள், சிரிப்பு நின்ற பிறகும். எழுந்துபோய்க் கை கழுவினேன். ஃபேன் வேறு வீணாக ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் பை தயாராக இருந்தது.

"எங்க கிளம்பிட்ட?"

"தங்கச்சி வீட்டுக்கு."

"எத்தனை நாள்?"

"நீங்க கண்டுபிடிக்கிற வரைக்கும். கண்டுபிடிச்சதும் போன் பண்ணுங்க. வர்றேன்."

"கண்டுபிடிக்கலேன்னா?"

"உங்களுக்கு ஞானம் இருக்கே. கண்டுபிடிப்பீங்க."

நான் அதை எப்படி எடுத்துக்கொண்டேன் என்றால், வீட்டு வேலை தொந்தரவில்லாமல் நான் முழுமூச்சாக ஆராய்ச்சியில் இறங்கட்டும் என்று அவள் ஒதுங்கிக்கொடுக்கிறாள். எத்தனை பெண்களுக்கு அந்த மனசு வரும்? ஆனாலும் சார், வெறும் வீடு வெறும் வீடுதான். நானே சமைத்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது? தனியாக உட்கார்ந்திருக்கும்போது அது ஒரு மாதிரியாக இருந்தது.

இது மணப்பாறையா? ஏம்ப்பா, முறுக்கு ஒரு பாக்கெட். நீங்கள் சாப்பிடுகிறீர்களா சார்? வேண்டாமா, சரி.

இதற்குள் குடி கெட்டது கேசரியால். ஆரோக்கியசாமி ஒரு தட்டு கேசரியைத் தூக்கிக்கொண்டு நேராகத் துறைக்கே வந்துவிட்டான். அங்கே யார் உட்கார்ந்திருந்தது? ரோஸலின் மேடம். நிலோபருக்கு வழிகாட்டிப் பேராசிரியர். "மேடம், உங்க ஆராய்ச்சி நல்லா இருக்கணும். எங்க ஜெசிந்தா எழுதுன தாள ஞானண்ணன் காட்டுனாரு, என் கண்ணு தொறந்துச்சு" என்கிறான் முட்டாள். மேடம் கேசரியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

"ஞானம், எத்தன பேருக்குக் காட்டினீங்க?"

"மூணு பேருக்குத்தான் மேடம். மூணு பேரும் திருந்திட்டாங்க."

மூன்றாவது ஆளை அதற்கு முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். அதைச் சொல்கிறேன். மேடம் மெமோ எழுதினார்கள். நம்பிக்கைத் துரோகம், ஆராய்ச்சி நெறி, அது இது என்று ஒன்றரைப் பக்கம். மூன்று குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவனுக்கு மெமோ! நூற்றைம்பது தாளைப் படித்து இவர்கள் என்ன கண்டுபிடிப்பார்கள்? ஒரு சதவீதம். நான் ஒரே தாளை வைத்துக்கொண்டு மூன்று பேரை அழ வைத்தேன். யார் சார் உளவியல் நிபுணர்?

நிலோபருக்கு நஷ்டம் இல்லை, அந்த மட்டுக்கும் நிம்மதி. எண்பத்தேழாவது ஜோடியை மட்டும் நீக்கிவிட்டு நூற்று நாற்பத்தொன்பதாகச் செய்துகொள்ளலாம் என்று மேடம் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்தப் பெண் அழுதாள். நான் தாவரவியலுக்குக் கிளம்புகிற அன்று சாவிக்கொத்தை ஒப்படைக்கும்போது பக்கத்தில் வந்தாள்.

"அண்ணா, எம்பத்தேழோட வெள்ளத் தாள் இந்தக் கட்டுலதான் இருக்கு. எப்படியும் கிழிக்கத்தான் போறோம். ஒரு தடவ பாருங்களேன்."

"அதப் பாக்க வேற வேணுமா? என்ன இருக்கும்னு எனக்கே தெரியும். அந்த ஆள் நாப்பதுக்கும் முற்றிலும் உடன்படுகிறேன்னு போட்டிருப்பான்."

"ஆமாண்ணா. நாப்பதுக்கும்."

"பாத்தியா? அந்த மாதிரி ஆளுங்க அப்படித்தான் போடுவாங்க."

"நீங்க என்ன போட்டீங்கண்ணா?"

"நானும் நாப்பதுக்கும் அதேதான். ஆனா நான் போட்டது உண்மை."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், நான் வாங்கிக்கொள்வேன் என்பது போல. எனக்கு நேரமாகிவிட்டது.

மூன்றாவது ஆளா? எங்கள் எதிர்வீட்டு வரதராஜன். கூட்டுறவு வங்கியில் இருந்து ரிட்டயர் ஆனவர். கஞ்சத்தனத்துக்கு எங்கள் தெருவில் அவரை வைத்துத்தான் அளவெடுப்போம். சோறு பொருந்துகிறது. ஃபேன் பொருந்துகிறது. மாமல்லபுரத்துக்கு டூர் போனபோது ஜன்னலோரத்துக்கு முந்தின நாளே துண்டு போட்ட ஆள். நானே பார்த்தேன், எனக்கு அன்றைக்கு இடம் கிடைக்கவில்லை. ஜெராக்ஸைக் கொடுத்தேன். படித்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "ஞானம், வெளிய யாருக்கும் சொல்லிராதீங்க" என்றார். ஒப்புதல் வாக்குமூலம்! மறுநாள் அடுப்படிக்குப் புது ஃபேன் மாட்டினார். அவர் காசில்! இதற்கு மேல் ஆதாரம் வேண்டுமா?

மெமோ, மாற்றல் எல்லாம் ஒருவழியாக அடங்கி, நேற்றுத்தான் வல்லிக்குப் போன் போட்டேன். "கண்டுபிடிச்சிட்டேன்" என்றேன்.

பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"நெஜமாவா?" என்றாள். குரலே வேறு மாதிரி இருந்தது. கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரு குரல் இருந்தது சார், அந்த மாதிரி.

"நெஜமாத்தான். யாருன்னா..."

"போன்ல வேண்டாம். நேர்ல வந்து சொல்லுங்க. நான் பையோட பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடறேன். நீங்க சொன்னதும் அடுத்த பஸ்ல திரும்பிடலாம்."

அதுதான் போகிறேன். இறங்கியதும் சொல்லப்போகிற முதல் வார்த்தை, வரதராஜன். இந்த ஜெராக்ஸையும் காட்டப் போகிறேன். 'பாரு வல்லி, ஒரு பொம்பளை என்ன பாடு படுறா, நீ எவ்வளவு கொடுத்து வச்சவ' என்று சொல்லிக் கையில் கொடுத்தால்...

என்ன சார்? ஏதோ சொல்ல வருகிறீர்கள். கவர் எதில் ஒட்டியிருந்தது என்றா? சொன்னேனே, சோற்றுப் பருக்கை. அதில்லையா? யாருடையது? என் வீட்டுக்காரி கொடுத்த கவரா?

அது... மேஜை மேல் வைத்திருந்தாள். நான் எடுத்துப் பையில் போட்டேன். எதில் ஒட்டியிருந்தாள் என்று யார் பார்த்தது? எங்கள் வீட்டில் கோந்து கிடையாது. துறையிலிருந்து ஒரு குண்டூசிகூட நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அவள் ஒரு தடவை கேட்டாள், கோந்து ஒன்று வாங்கிட்டு வாங்க என்று. எதற்கு, நீ என்ன ஒட்டப் போகிறாய் என்று...

அன்றைக்குச் சோறு வடித்திருந்தாள். ரசம்தான் லேட்.

இல்லை சார். தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டில் சோற்றில்தான் ஒட்டுகிறார்கள். அதெல்லாம் ஒரு ஆதாரமா? ஆமாம், ஆதாரம் என்று நான்தான் சொன்னேன். சொன்னேன்தான்.

ரசம்கூட அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.

இது எந்த ஊர்? வையம்பட்டி தாண்டிவிட்டதா? அய்யலூரா? அவள் பையோடு நிற்பாள். 'யாரு?' என்று கேட்பாள். நான் வரதராஜன் என்று சொன்னால் சிரிப்பாளா சார்? அந்தப் பாம்பு பாட்டிலுக்குச் சிரித்தது போல? சிரித்தால்கூடப் பரவாயில்லை. துடைத்துக்கொண்டே இருந்தாளே, அதுதான்.

சார், ஒரு உதவி. நீங்கள் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். இல்லை, புரட்டாது. புரட்டினால் பார்த்துக்கொள்ளலாம். பரவாயில்லை, எழுந்திருங்கள். கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், வண்டி ஆடுகிறது. நீங்கள் ஜன்னலோரம் உட்காருங்கள். நான் கொஞ்ச நேரம் இங்கே இருக்கிறேன்.

இங்கே இப்படித்தான் இருக்குமா? உங்கள் காது தெரிகிறது. அதற்கு மேல் கம்பி. அவ்வளவுதான். காற்றெல்லாம் உங்களோடு நின்றுவிடுகிறது. கழுத்தை எவ்வளவு நீட்டினாலும் உங்கள் தலைதான் வருகிறது. இந்தப் பக்கம் நிற்கிறவர் பை வேறு தோளில் இடிக்கிறது. இதில் உட்கார்ந்துதான் பழனிக்கு, மதுரைக்கு, ஒரு தடவை கன்னியாகுமரிக்கு. கன்னியாகுமரி ஏழு மணி நேரம் சார்.

அந்தப் பக்கம் என்ன ஓடுகிறது? மலையா? மலை என்றால்... இல்லை, நீங்கள் சொல்லுங்கள். நான் முடிக்கவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

வடமதுரை வந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் சார். இங்கிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை.